படத்தின் பின்னணியில் ஒளிந்திருக்கும் கேலக்ஸிகள்: கானாடுகாத்தான் மொட்டை மாடியில் கேட்கப்பட்ட கேள்விகள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி ஒன்றும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் இருக்கின்றன. அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை பக்கமிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் வருவார்கள். எடுத்த படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டும்போது எல்லோரும் நடுவில் இருக்கிற பெரிய பொருளைத்தான் பார்ப்பார்கள். நான் ஓரத்தில் கிடக்கும் மங்கலான பொட்டுகளைக் காட்டுவேன். அங்கிருந்துதான் கேள்விகள் தொடங்கும். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

பாடப்புத்தகம் இவற்றை விண்மீன் திரள் என்கிறது. நட்சத்திரக் கொத்துகளோடு அந்தச் சொல் குழம்பிவிடுவதால் இந்தப் பக்கம் முழுக்க கேலக்ஸி என்றே எழுதுகிறேன்.

அண்ணே, இது எல்லாமே நட்சத்திரம்தானே? கேலக்ஸி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதன் வடிவம் பக்கத்து நட்சத்திரத்தைப் போலவே இருக்கும். காற்றின் அசைவும் தொலைநோக்கியின் குறைகளும் எல்லா நட்சத்திரங்களையும் ஒரே அச்சில்தான் வார்க்கின்றன. ஃபோகஸ் சரியில்லை என்றால் எல்லாம் சேர்ந்து பருத்திருக்கும், டிராக்கிங் (வானத்தின் நகர்வோடு தொலைநோக்கி நகர்வது) இழுத்திருந்தால் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருக்கும். கேலக்ஸி மட்டும் அந்த அச்சுக்கு அடங்காது. நடுவில் சற்றுப் பிரகாசமாகவும், ஓரத்தில் பஞ்சு பிரிவது போலக் கரைந்தும் இருக்கும். பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் வட்டமாக இருக்கையில் ஒன்று மட்டும் நெல்மணி மாதிரி சாய்ந்து கிடந்தால், அது பக்கவாட்டில் தெரியும் கேலக்ஸியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நிறமும் கொஞ்சம் துணை செய்யும். தூரத்து நீள்வட்ட கேலக்ஸிகள் பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவந்த நட்சத்திரங்களும் ஏராளம்.

செட்டிநாட்டில் புள்ளி என்றால் ஒரு குடும்பம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆனவுடன் கோயில் கணக்கில் ஒரு புள்ளி ஏறிவிடும். படத்தில் தெரியும் இந்தப் புள்ளியும் அப்படித்தான், உள்ளே கோடானுகோடி நட்சத்திரங்கள் குடியிருக்கின்றன. அதனால்தான் அதன் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

பின்னணி என்கிறீர்களே, எதற்குப் பின்னால்?

படத்தில் தனித்தனியாகத் தெரியும் நட்சத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே நம் பால்வீதியில் இருப்பவை, சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள். அவற்றுக்கு அப்பால் நீங்கள் குறி வைத்த கேலக்ஸி சில கோடி ஒளியாண்டுகளில் இருக்கும். பொட்டுகள் அதற்கும் அப்பால், பல பத்துக் கோடி ஒளியாண்டுகளில். பழைய வளவு வீட்டில் தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, முற்றம், இரண்டாம் கட்டு என்று கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியுமல்லவா, அது போல.

என் கருவியில் எவ்வளவு தூரம் வரை தெரியும்?

முதலில் ஒரு கணக்கு. கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் வைத்து வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை வில்விநாடியை அடைக்கிறது என்று வரும். ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள். என் கேமராவில் 4.3 மைக்ரான், தொலைநோக்கி 1000 மி.மீ., ஆக ஒரு பிக்சலுக்கு சுமார் 0.9 வில்விநாடி. இப்போது பலர் வாங்கும் சீஸ்டார் எஸ்50 என்ற சின்னத் தானியங்கித் தொலைநோக்கியில் 2.9 மைக்ரானும் 250 மி.மீ.யும், ஆக சுமார் 2.4 வில்விநாடி.

இதை வைத்து ஒன்றைக் கற்பனை செய்யலாம். நம் பால்வீதி அளவுள்ள, அதாவது ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள ஒரு கேலக்ஸியை 100 கோடி ஒளியாண்டு தூரத்தில் வைத்தால், அது ஏறக்குறைய 20 வில்விநாடிதான் இருக்கும். என் படத்தில் 20 பிக்சலுக்குச் சற்று மேல், சீஸ்டாரில் 8 அல்லது 9 பிக்சல். அதிலும் வெளிப்புறக் கைகள் மங்கிப்போய் நடுப்பகுதி மட்டுமே பதியும். ஆக, கைக்கு வருவது நாலைந்து பிக்சல் பொட்டு. அதுவே போதும், வடிவத்தைப் பார்த்துவிடலாம். 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அதே கேலக்ஸி நட்சத்திரத்தோடு கலந்துவிடும்.

பிக்சல் ஒரு பக்கம், வெளிச்சம் சேர்ப்பது இன்னொரு பக்கம். மூன்று நான்கு மணி நேரப் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் என் 8 அங்குலத்தில் மேக்னிட்யூட் 18, 19 வரை வருகிறது. மேக்னிட்யூட் என்பது பிரகாசத்தின் அளவு, எண் கூடக்கூடப் பொருள் மங்கலாகும். அரை மணி நேரத்தோடு நிறுத்தினால் இந்தப் பொட்டுகளில் பாதி வராது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

எம்13-இலிருந்து. எம் என்பது மெஸ்ஸியே பட்டியல். வருகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன். இது ஹெர்குலிஸ் மண்டலத்தில் உள்ள கோளக் கொத்து. சில லட்சம் நட்சத்திரங்கள் உருண்டு திரண்டிருக்கும் அழகான பொருள். தூரம் இருபதாயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு, அதாவது நம் பால்வீதியைச் சேர்ந்தது. வைகாசிக் கடைசியில் நள்ளிரவை ஒட்டி நம் ஊரில் வடக்கே 64 பாகை உயரத்துக்கு வரும். கானாடுகாத்தானுக்குக் காரைக்குடி வெளிச்சம் தெற்கே இருப்பதால் வடக்கு வானம் நமக்குச் சாதகம்.

எம்13-ஐ நடுவில் வைத்து எடுத்தால், வடகிழக்கே ஏறக்குறைய அரைப் பாகை தள்ளி சாய்ந்த நீள்வட்டமாக ஒன்று தெரியும். அது என்ஜிசி 6207 (என்ஜிசி, ஐசி எல்லாம் வானப் பொருள்களின் பட்டியல்கள்), சில கோடி ஒளியாண்டு தூரத்து கேலக்ஸி. இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் காத்திருப்பது அடுத்ததற்கு. எம்13-க்கும் 6207-க்கும் நடுவில் ஐசி 4617 என்று ஒன்று உண்டு. மேக்னிட்யூட் 15-ஐ ஒட்டியது. சின்னக் கீறல் மாதிரி இருக்கும். அது சுமார் 50 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

ஒரே படத்தில் இருபதாயிரம், சில கோடி, ஐம்பது கோடி. போன வைகாசியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அந்தக் கீறலைத் தானே கண்டுபிடித்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, "இது சாஞ்சிருக்கு, மத்ததெல்லாம் சாயல" என்றாள். வேறு யாரும் சொல்லித் தரவில்லை. பின்னணி கேலக்ஸியை அடையாளம் காணும் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

மென்பொருளே பெயர் போட்டுவிடுகிறதே, அப்புறம் நமக்கு என்ன வேலை?

மென்பொருள் தன் பட்டியலில் இருப்பதைத்தான் எழுதும். அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் படத்தை ஏற்றினால், அது நட்சத்திர அமைப்பை ஒப்பிட்டு, படம் வானத்தில் எந்த இடம் என்று கண்டுபிடித்து, பெரிய என்ஜிசி, ஐசி பொருள்களுக்குப் பெயர் போடும். சிரில், ஆஸ்டாப் ஆகிய இலவச மென்பொருள்களும் இதைச் செய்யும். ஆனால் நாம் தேடுகிற பொட்டுகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியல்களில் இல்லை. சில நேரம் பெயர் ஒரு பொட்டிலும் வட்டம் பக்கத்து நட்சத்திரத்திலும் விழுந்திருக்கும்.

நான் செய்வது இது. முதலில் படத்துக்கு இடம் கண்டுபிடித்துக்கொள்கிறேன். பிறகு சந்தேகப்பட்ட பொட்டின் மேல் கர்சரை வைத்தால் இரண்டு எண்கள் வரும், வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி. பாடத்தில் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்பார்கள். அந்த எண்களை அலாடின் லைட்டில் கொடுக்கிறேன். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையம் நடத்தும் இலவச வான வரைபடம் அது. பலோமர் தட்டுகள், பான்-ஸ்டார்ஸ், எஸ்டிஎஸ்எஸ் என்று பெரிய கணக்கெடுப்புகளின் படங்களை அதில் ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றிப் பார்க்கலாம். என் பொட்டு இருந்த இடத்தில் அங்கே சுருள் கைகளோடு ஒரு கேலக்ஸி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து அதே எண்களை வைத்து, அரை வில்நிமிட (30 வில்விநாடி) வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று என்இடி தரவுத்தளத்தில் கேட்கிறேன். கேலக்ஸிகளுக்கென்றே நாசாவும் கால்டெக்கும் சேர்ந்து வைத்திருக்கும் பேரேடு அது. பெயர், வகை, செம்பெயர்ச்சி (தூரத்தைச் சொல்லும் எண், கீழே விளக்குகிறேன்) எல்லாம் வரும். வட்டத்தைப் பெரிதாக வைக்காதீர்கள், ஐம்பது பெயர் வந்து விழும், எது நம்முடையது என்று தெரியாது.

கடைசியாக ஒரு சோதனை. நட்சத்திரங்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் பட்டியலில் அந்த இடத்தைப் பாருங்கள். தெளிவான இடமாறு தோற்றமோ (பூமி சூரியனைச் சுற்றுவதால் பக்கத்துப் பொருள் இடம் மாறுவது போலத் தெரிவது) வானத்தில் நகர்வோ பதிவாகியிருந்தால் அது நட்சத்திரம், சந்தேகமே வேண்டாம். கேலக்ஸி அவ்வளவு தூரத்திலிருந்து அசைந்து காட்டாது.

பெயர்கள் ஏன் இப்படி நீளமாக, எண்ணாக இருக்கின்றன?

நம் ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். யார் என்று கேட்டால் வீட்டு விலாசத்தைச் சொல்வார்கள், அந்த எழுத்துகளைச் சொன்னவுடன் எந்த வீடு, எந்த வழி என்று பெரியவர்களுக்குப் புரிந்துவிடும். வானத்திலும் அதே கதைதான்.

டிரையர் என்ற வானியலாளர் 1888-இல் வெளியிட்ட என்ஜிசி பட்டியலில் 7,840 பொருள்கள். அவை ஏறக்குறைய எல்லாம் கண்ணால் பார்த்துத் தேடியவை. பிறகு புகைப்படத் தட்டுகள் வந்ததும் எண்ணிக்கை பெருகியது. 1989-இல் வந்த பிஜிசி பட்டியலில் 73,197 கேலக்ஸிகள். அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்புகளில் வரிசை எண் கட்டுப்படியாகாது. அதனால் இருக்கும் இடத்தையே பெயராக வைத்தார்கள். ஜே1229+0203 என்றால் வல ஏற்றம் 12 மணி 29 நிமிடம், நடுவரை விலக்கம் வடக்கே 2 பாகை 3 வில்நிமிடம். பெயரைப் படித்தாலே தொலைநோக்கியைத் திருப்பிவிடலாம்.

ஒரே கேலக்ஸிக்குப் பத்துப் பட்டியலில் பத்துப் பெயர் இருக்கும். அதில் குழப்பம் இல்லை. எதிர்மாறான குழப்பம்தான் கவனிக்க வேண்டியது. எம்101 என்ற சுருள் கேலக்ஸியை எடுத்தால் அதன் கைகளில் என்ஜிசி 5447, 5455, 5461, 5462, 5471 என்று தனித்தனி எண்கள் வரும். அவை பின்னணி கேலக்ஸிகள் அல்ல, எம்101-க்குள்ளேயே புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகங்கள். என்ஜிசி எண் இருப்பதால் தனி கேலக்ஸி என்று எழுதிவிடக் கூடாது.

தூரத்தை எப்படிச் சொல்கிறார்கள்? யார் அளந்தார்கள்?

செம்பெயர்ச்சியிலிருந்து. பிரபஞ்சம் விரிவதால், வந்துகொண்டிருக்கும் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. நிறமாலையில் தெரிந்த கோடு எவ்வளவு சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று அளந்தால் இசட் என்ற எண் கிடைக்கும். தரவுத்தளத்தில் இசட் 0.01 என்று இருந்தால் ஒளி ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறது. 0.1 என்றால் 130 கோடி. 0.5 என்றால் 500 கோடி, அதாவது அந்த ஒளி கிளம்பிய காலத்தில் பூமியே உருவாகியிருக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கை. இசட் மதிப்பு நிறமாலையில் அளந்ததா, வெறும் நிறங்களை வைத்துக் கணித்ததா என்று பாருங்கள். இரண்டாவது வகை தோராயம்தான். அப்புறம், பக்கத்து கேலக்ஸிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கன்னிக் கூட்டம் என்ற கேலக்ஸிக் கூட்டத்தில் உள்ள எம்86 நம்மை நோக்கி வருகிறது, அதன் கோடுகள் நீலப் பக்கம் தள்ளியிருக்கின்றன. கூட்டத்தின் ஈர்ப்பில் அது அப்படி ஓடுகிறது. அதை வைத்துத் தூரம் கணக்கிட்டால் விடை அபத்தமாக வரும்.

ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கேலக்ஸிகள் உறவா?

பெரும்பாலும் இல்லை. பெகாசஸ் மண்டலத்தில் என்ஜிசி 7331 என்ற அழகான சுருள் கேலக்ஸி இருக்கிறது, நாலு முதல் ஐந்து கோடி ஒளியாண்டு தூரம். அதன் கிழக்குப் பக்கத்தில் 7335, 7336, 7337, 7340 என்று நான்கு குட்டிகள். பெரியதற்குப் பிள்ளைகள் போலவே இருக்கும். உண்மையில் அவை சுமார் 30 கோடி ஒளியாண்டு அளவில், அதற்கும் வெகு பின்னால்.

அங்கிருந்து அரைப் பாகையில் ஸ்டெஃபானின் ஐவர், ஒட்டித் தெரியும் ஐந்து கேலக்ஸிகள். 1877-இல் எதுவார் ஸ்டெஃபான் மார்செய்யில் கண்டது. 2022 ஜூலையில் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக வந்ததும் இதுதான். ஐந்தில் என்ஜிசி 7320 மட்டும் சுமார் 4 கோடி ஒளியாண்டில் முன்னால் நிற்கிறது. மற்ற நான்கும் 30 கோடிக்கு அருகே. படம் பார்த்து இதைச் சொல்ல முடியாது, இசட் எண்ணைப் பார்த்துத்தான் தெரியும்.

எதெல்லாம் ஏமாற்றும்?

ஒட்டி நிற்கும் இரட்டை நட்சத்திரங்கள், சென்சாரில் படிந்த தூசி, சூடான பிக்சல், மெதுவாக நகரும் சிறுகோள். நம் பக்கத்துச் செம்மண் தூசி கோடையில் எல்லாவற்றிலும் ஏறும், எனவே தூசியின் நிழலைக் கழிக்க உதவும் ஃபிளாட் படங்கள் (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுப்பவை) எடுப்பதைத் தவிர்க்காதீர்கள்.

மோசமானது கண்ணாடிகளுக்கு இடையே ஒளி எதிரொளித்து விழும் பேய் உருவம். ஒரு முறை பிரகாசமான நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் மங்கலான வட்டம் ஒன்று விழுந்திருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லை. இரண்டு இரவுகள் அதன் பின்னால் போனேன். மூன்றாம் இரவு கேமராவைச் சற்றே நகர்த்தி எடுத்தபோது வட்டமும் இடம் மாறியது. வானத்தில் இருப்பது நட்சத்திரங்களோடு ஒட்டி நிற்கும், கருவியில் பிறந்தது கேமராவோடு நகரும். அன்றிலிருந்து ஒவ்வொரு சில படங்களுக்கும் இடையே தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளி எடுக்கிறேன், இன்னொரு நாள் எடுத்த படத்தோடும் ஒப்பிடுகிறேன்.

ஏஐ கருவிகளால் படத்தைச் சுத்தம் செய்யலாமா?

அழகுக்குச் செய்யுங்கள். அடையாளம் காண்பதற்கு வேண்டாம். நட்சத்திரங்களை நீக்கும் கருவிகள் சிறு கேலக்ஸிகளையும் நட்சத்திரம் என்று எடுத்து அழித்துவிடும். இரைச்சலைக் குறைப்பவை மங்கிய ஓரத்தைத் துடைத்துவிடும். கூர்மையாக்குபவை இல்லாத வடிவத்தை வரைந்துவிடும், இதுதான் எனக்குப் பெரிய கவலை. அடுக்கிய படத்தை, எதுவும் செய்வதற்கு முன், வெளிச்சத்தை மட்டும் ஏற்றி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியை மைக் கறுப்பாக ஆக்காமல் சாம்பல் நிறத்திலேயே விடுங்கள். தேடுவது அந்தப் பிரதியில்தான்.

செட்டிநாட்டில் எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி, சித்திரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, அப்போது தொலைநோக்கியை மூடியே வைக்க வேண்டியதுதான். மழைக்குப் பிறகு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் பனி இறங்கும்.

மாசி முதல் சித்திரை வரை நாம் பால்வீதியின் தூசித் தட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் பார்க்கிறோம். அந்தத் தூசி மறைக்காததால் கேலக்ஸிகள் குவிந்து தெரிகின்றன. பஞ்சாங்கமே வழிகாட்டும். மகம் நட்சத்திரம் சிம்ம மண்டலத்து ரெகுலஸ், உத்திரம் என்பது சிம்மத்தின் வாலில் உள்ள தெனெபோலா. உத்திரத்துக்குக் கிழக்கே கன்னிக் கூட்டம், சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. நம் அட்சரேகை 10 பாகை என்பதால் இவை ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே கடக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் மாசி மகமும் பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியே வரும். குன்றக்குடிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், படம் எடுக்க அமாவாசை வரை பொறுங்கள். இன்னொன்று, மொட்டை மாடித் தளம் பகல் வெயிலைக் குடித்து முன்னிரவு முழுக்கச் சூட்டைக் கக்கும், நட்சத்திரங்கள் கொதிப்பது போல ஆடும். 11 மணிக்கு மேல் தொடங்குங்கள்.

இங்கிருந்து பிடிக்க முடிந்ததில் மிகத் தூரம் எது?

இங்கே முதல் பதிலில் சொன்ன விதி உடைகிறது. மிகத் தூரத்துப் பொருள்கள் பஞ்சாகத் தெரியாது, நட்சத்திரம் போலவே தெரியும். அவை குவேசார்கள், தங்கள் நடுவிலுள்ள கருந்துளையில் பொருள் விழுவதால் கொழுந்துவிட்டு ஒளிரும் கேலக்ஸி மையங்கள்.

மேலே விலாசம் சொன்னேனே, ஜே1229+0203, அதுதான் 3சி 273. கன்னி மண்டலத்தில், மேக்னிட்யூட் 13-ஐ ஒட்டி. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் புரிந்துகொண்டபோது வானியலே மாறிப்போனது. ஒளி 200 கோடி ஆண்டுகள் பயணித்து வருகிறது, சீஸ்டாரில்கூடப் பதியும்.

எனக்குப் பிடித்தது இரட்டைக் குவேசார். சப்தரிஷி மண்டலத்தில் என்ஜிசி 3079-க்குப் பக்கத்தில், 6 வில்விநாடி இடைவெளியில், மேக்னிட்யூட் 17-ஐ ஒட்டிய இரண்டு புள்ளிகள். 1979-இல்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே குவேசார் என்று. நடுவில் இருக்கும் ஒரு கேலக்ஸியின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்து இரண்டு வழியாக அனுப்புகிறது. ஒரு வழி நீளம் அதிகம், அதனால் ஒரு பிம்பத்தில் ஏற்படும் மாற்றம் மற்றதில் சுமார் 14 மாதம் கழித்துத் தெரிகிறது. ஒளியின் பயணம் சுமார் 900 கோடி ஆண்டு. பங்குனியில் ஒரு நல்ல இரவில் அந்த இரண்டு புள்ளிகள் பிரிந்து நின்றதைப் பார்த்தபோது கீழே இறங்கிப் போய் அப்பத்தாவை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன்.

இன்னும் தூரம் வேண்டுமென்றால் லின்க்ஸ் மண்டலத்தில் ஏபிஎம் 08279+5255 இருக்கிறது. மேக்னிட்யூட் 15தான், ஒளிக்கு வயது 1,200 கோடி ஆண்டு.

யாரும் பார்க்காத புது கேலக்ஸி என் படத்தில் இருக்குமா?

உங்கள் படத்தில் வந்திருந்தால் பான்-ஸ்டார்ஸிலோ பலோமர் தட்டிலோ ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஏற்கெனவே தெரிந்த கேலக்ஸியில் புதிதாக ஒரு நட்சத்திரம் முளைக்கலாம், அதுதான் சூப்பர்நோவா. 2023 மே 19 அன்று எம்101-இல் ஜப்பானின் கோய்ச்சி இடாகாகி கண்டது அப்படிப்பட்டதே. எனவே ஒரே கேலக்ஸியை மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். புதுப் புள்ளி இருந்தால், முதலில் சிறுகோள்களின் கணக்கை வைத்திருக்கும் மைனர் பிளானட் சென்டரில் சிறுகோள் ஏதும் அந்த இடத்தைக் கடந்ததா என்று பார்த்து, மறுநாளும் எடுத்து, அதே இடத்தில் இருந்தால் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பதிவுத்தளத்தில் தெரிவிக்கலாம்.

எப்படி எழுதி வைக்க வேண்டும்?

எங்கள் ஐயா கடைக் கணக்கு எழுதிய பேரேடுகளில் எழுதாத ஒன்று மிஞ்சியிருந்தது, அதில் எழுதுகிறேன். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். தேதி, கருவி, எத்தனை நிமிடம். கீழே ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு வரி: இடம், பெயர், வகை, இசட், எந்தத் தரவுத்தளத்தில் சரிபார்த்தேன். சந்தேகம் தீராததற்குப் பெயர் எழுதுவதில்லை, இடத்தை மட்டும் எழுதி முன்னால் ஒரு கேள்விக்குறி. எம்13 பக்கத்தில் இப்போது 14 வரிகள் இருக்கின்றன. மூன்றில் கேள்விக்குறி. வைகாசி அமாவாசைக்கு அந்த மூன்றையும் மறுபடி எடுக்கப் போகிறேன், வர விரும்புகிறவர்கள் 11 மணிக்கு முன்னால் மாடிக்கு வந்துவிடுங்கள்.